அழற்சிக் குடல் நோயில் அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மருந்துப் பயன்பாடு

அழற்சிக் குடல் நோயில் அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மருந்துப் பயன்பாடு என்பது, கிரோன் நோய் அல்லது புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சி உடைய ஒருவருக்குக் குடல் அறுவை செய்யப்படுவதற்கு முன்னர் அவர் பயன்படுத்திவரும் மருந்துகளில் எவற்றைத் தொடர்வது, எவற்றைக் குறைப்பது, எவற்றை நிறுத்துவது, எவற்றைப் புதிதாகச் சேர்ப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் மருத்துவ நடைமுறை ஆகும். இந்நோய்களுக்கு வழங்கப்படும் மருந்துகளுள் பெரும்பாலானவை உடலின் நோயெதிர்ப்பைத் தணிப்பதன் மூலமே அழற்சியை அடக்குகின்றன. அறுவைக் காயம் ஆறுவதற்கும், வெட்டி இணைக்கப்பட்ட குடல் ஒட்டிக்கொள்வதற்கும், நுண்ணுயிர்களை எதிர்ப்பதற்கும் அதே நோயெதிர்ப்புத் தேவைப்படுகிறது. ஆகவே மருந்தைத் தொடர்ந்தால் தொற்று ஏற்படலாம் என்ற அச்சமும், நிறுத்தினால் நோய் முற்றிவிடும் என்ற அச்சமும் ஒருங்கே எழுகின்றன. குடல்நோய் மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் ஆகிய மூவரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டிய விடயமாக இது கருதப்படுகின்றது.

பின்னணி

கிரோன் நோய் வாய் முதல் குதம் வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் தாக்கக்கூடியது. சிறுகுடலின் கடைப்பகுதியிலேயே மிகுதியாகக் காணப்படும். குடற்சுவரின் முழுத் தடிப்பிலும் அழற்சி பரவுவதால், நாளடைவில் குடல் குறுகி அடைபடலாம். சுவர் துளைபட்டுச் சீழ்க்கட்டியோ, அருகிலுள்ள உறுப்புக்குச் செல்லும் புரையோ உருவாகலாம். புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சி பெருங்குடலின் உட்படலத்தை மட்டும் பாதிப்பது. பெருங்குடலையும் நேர்குடலையும் முற்றாக அகற்றினால் குடலைப் பொறுத்தவரை இந்நோய் தீர்ந்துவிடும். கிரோன் நோயில் அவ்வாறில்லை. பழுதடைந்த பகுதியை வெட்டியகற்றினாலும் எஞ்சிய குடலில் நோய் மீண்டும் தோன்றக்கூடும்.

மருந்துகள் பெருகியுள்ள இக்காலத்திலும் அறுவைச் சிகிச்சை அரிதானதொன்றன்று. மக்கள்தொகை அடிப்படையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2013 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு பகுப்பாய்வின்படி, நோய் கண்டறியப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கிரோன் நோயில் ஏறத்தாழ 47 விழுக்காடாகவும், புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சியில் ஏறத்தாழ 16 விழுக்காடாகவும் இருந்தது. அண்மைப் பதிற்றாண்டுகளில் இவ்வீதங்கள் குறைந்து வந்திருப்பதையும் அதே பகுப்பாய்வு சுட்டியது. ஆயினும் அறுவைக்கு வருபவர்களுள் மிகப்பலர் ஏற்கனவே ஒன்றுக்கு மேற்பட்ட நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்துகளைப் பயன்படுத்தி, அவை பயனளிக்காத நிலையில் வருபவர்களாக உள்ளனர்.

குடல் அறுவையில் மிகவும் அஞ்சப்படும் சிக்கல் இணைப்புக் கசிவு ஆகும். வெட்டப்பட்ட இரு முனைகளையும் தைத்த இடம் ஒட்டாது பிரிந்தால், குடலினுள் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கு இடர் விளைவிக்கும். இதனைத் தவிர வயிற்றறைச் சீழ்க்கட்டி, காயத்தில் தொற்று, நுரையீரல் அழற்சி, நாளங்களில் குருதியுறைவு ஆகியனவும் ஏற்படலாம். அறுவைக்கு முந்திய மருந்துகள் பற்றிய ஆய்வுகள் அனைத்தும் இச்சிக்கல்களின் எண்ணிக்கையைக் கொண்டே மருந்தின் நன்மை தீமையை மதிப்பிடுகின்றன.

வரலாறு

பர்ரில் கிரோன், லியோன் கின்சுபர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகியோர் 1932 இல் சிறுகுடல் கடைப்பகுதி அழற்சியைப் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டபோது, இந்நோய்க்கென மருந்து எதுவும் இருக்கவில்லை. அறுவைக்கு முன் எந்த மருந்தை நிறுத்துவது என்ற கேள்வியும் அக்காலத்தில் எழவில்லை. 1940களின் தொடக்கத்தில் சுவீடன் மருத்துவர் நன்னா சுவார்ட்சு உருவாக்கிய சல்ஃபாசலசீன், பெருங்குடல் அழற்சிக்குப் பயன்தந்த முதல் மருந்துகளுள் ஒன்றாகும். 1955 இல் ஆக்சுபோர்டைச் சேர்ந்த சிட்னி ட்ரூலவ், லெசுலி விட்சு ஆகிய இருவரும் 210 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். கார்ட்டிசோன் பெற்றவர்கள், வெற்று மருந்து பெற்றவர்களைக் காட்டிலும் தெளிவாக நலமடைந்ததை அவ்வாய்வு காட்டியது. அதன்பின் ஸ்டீராய்டுகள் இந்நோய்களின் சிகிச்சையில் நிலைபெற்றன. அறுவைக்கு வரும் நோயாளி ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பார் என்பதும் வழக்கமாயிற்று.

அசாத்தியோப்பிரின் முதலிய மருந்துகள் 1960களிலிருந்து பயன்பாட்டுக்கு வந்தன. 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப், உயிரியல் மருந்துகள் எனப்படும் புதிய வகைக்கு வழிதிறந்தது. இதே மருந்து 2005 இல் புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சிக்கும் ஒப்புதல் பெற்றது. இன்றைய விவாதங்களிற் பெரும்பகுதி இவ்வகை மருந்துகளைப் பற்றியதாகும்.

ஸ்டீராய்டுகள்

அறுவைக்கு முன் பயன்படுத்தப்படும் மருந்துகளுள் தீங்கு மிகவும் உறுதியாக நிறுவப்பட்டவை ஸ்டீராய்டுகளே. இவை வெள்ளணுக்கள் காயத்தை நோக்கி நகர்வதைத் தடுக்கின்றன. கொலாசன் என்னும் இணைப்புப் புரதம் உருவாவதைக் குறைக்கின்றன. குருதியில் சர்க்கரையை உயர்த்துகின்றன. காயம் ஆறுவதற்கு இம்மூன்றும் பாதகமானவை. போதாக்குறைக்கு, வயிற்றறையில் தொற்று ஏற்பட்டாலும் காய்ச்சலையும் வலியையும் மறைத்துவிடுவதால், கசிவு ஏற்பட்டிருப்பது காலந்தாழ்ந்தே தெரியவரும்.

நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசலோனையோ அதற்கு ஈடான வேறு ஸ்டீராய்டையோ ஆறு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டிருப்பது அறுவைக்குப் பிந்திய சிக்கல்களை அதிகரிக்கும் காரணி என ஐரோப்பிய வழிகாட்டல்கள் குறிப்பிடுகின்றன. அளவு கூடக்கூட இடரும் கூடுவதாகவே பல ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வுகள் காட்டுகின்றன. எனவே திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவையாயின், அதற்கு முந்திய வாரங்களில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே விரும்பத்தக்கது. இது சொல்வதற்கு எளிது. ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்காத காரணத்தினாலேயே பலர் அறுவைக்கு அனுப்பப்படுகின்றனர். அளவைக் குறைத்தவுடன் வயிற்றுப்போக்கும் குருதிக்கசிவும் மீள்கின்றன. அவ்வாறானவர்களுக்கு நீர்ம உணவுச் சிகிச்சை, வேறொரு மருந்து ஆகியவற்றின் துணையுடன் குறைக்க முயல்வர். அதுவும் முடியாதபோது, அறுவை முறையையே மாற்றிக்கொள்வர்: குடல் முனைகளை உடனே இணைக்காமல், வயிற்றின் மேற்புறத்தில் தற்காலிகக் குடல்வாய் அமைத்து, உடல்நிலை தேறி ஸ்டீராய்டும் நிறுத்தப்பட்ட பின்னர் இணைப்பர். குடல்வாயை ஏற்க நோயாளிகள் தயங்குவது இயல்பே. ஆயினும் கசிந்த இணைப்பைச் சரிசெய்ய அவசர அறுவைக்குச் செல்லும் நோயாளிக்கும் பெரும்பாலும் குடல்வாய் அமைக்கப்படுகிறது. அதனை அவர் மேலும் நலிந்த உடலுடன் எதிர்கொள்ள நேரிடுகிறது.

ஸ்டீராய்டு தீங்கானதாயினும் அதனைத் திடீரென நிறுத்தலாகாது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அண்ணீரகச் சுரப்பிகள் இயல்பாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கார்ட்டிசோலைச் சுரக்கின்றன. பெரிய அறுவையின் போது இச்சுரப்பு 100 மில்லிகிராம் அளவுக்குக்கூட உயரக்கூடும். குருதியழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதற்கு இவ்வுயர்வு உதவுகிறது. வெளியிலிருந்து பல வாரங்கள் ஸ்டீராய்டு வழங்கப்படும்போது, மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி அண்ணீரகத்தைத் தூண்டுவதை நிறுத்திக்கொள்கிறது, அண்ணீரகம் சுருங்குகிறது. மருந்தை நிறுத்திய பின்னும் அது மீண்டும் முழுமையாகச் செயற்பட மாதக்கணக்கில் ஆகலாம். இந்நிலையில் உடல் அறுவையின் தாக்கத்துக்கு உள்ளானால், குருதியழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரக்கூடும்.

இவ்விடரை மருத்துவ உலகம் ஓர் உயிரிழப்பின் மூலமே அறிந்துகொண்டது. கார்ட்டிசோன் எடுத்துவந்த மூட்டுவாத நோயாளி ஒருவர் இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் மீளா அதிர்ச்சிக்குள்ளாகி இறந்ததும், அவருடைய அண்ணீரகங்கள் சுருங்கியிருந்ததும் 1952 இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிடப்பட்டன. அதன்பின், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அனைவருக்கும் அறுவையின் போது மிக அதிக அளவில் ஸ்டீராய்டு ஏற்றும் வழக்கம் தோன்றிப் பல பதிற்றாண்டுகள் நீடித்தது. மிகச் சில நோயாளிகளின் அனுபவத்திலிருந்து இத்துணைப் பெரிய வழக்கம் உருவானது பின்னர் கேள்விக்குள்ளானது. லாசு ஏஞ்சலிசு நகரில் அழற்சிக் குடல் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்தி 2014 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழமையான உயர்ந்த அளவுக்கு மாறாக நோயாளி ஏற்கனவே எடுத்துவந்த அளவுக்கு நிகராக மட்டும் ஊசிவழி அளித்தபோதும் குருதியழுத்த வீழ்ச்சி கூடுதலாக ஏற்படவில்லை. மறுபுறம், ஐக்கிய இராச்சியத்தின் மயக்க மருந்து மருத்துவர் சங்கம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட்னிசலோனை நான்கு வாரங்களோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு, மயக்கமூட்டும் வேளையில் 100 மில்லிகிராம் ஐதரோகார்ட்டிசோனும், பின்னர் 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் தொடர் ஏற்றமும் அளிக்கப் பரிந்துரைக்கிறது. இரு அணுகுமுறைகளும் இன்று வழக்கில் உள்ளன. ஆனால் அறுவை நாளில் ஸ்டீராய்டு முற்றிலும் விடுபட்டுப்போகக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வெறும் வயிற்றுடன் இருக்கவேண்டும் என்ற அறிவுரையைத் தவறாகப் புரிந்துகொண்டு காலை மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு என்பதால், இதனை முன்கூட்டியே தெளிவாகக் கூறுவது அவசியமாகும்.

அளவுகளை ஒப்பிடும்போது, 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன், 4 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன், 20 மில்லிகிராம் ஐதரோகார்ட்டிசோன் ஆகியவை ஏறத்தாழ ஒரே ஆற்றல் உடையனவாகக் கொள்ளப்படுகின்றன.

மெசலசீன், அசாத்தியோப்பிரின், மீத்தோதிரெக்சேட்டு

மெசலசீன், சல்ஃபாசலசீன் ஆகியவை குடலின் உட்படலத்திலேயே பெரும்பாலும் செயற்படுவதால் அறுவைச் சிக்கல்களை அதிகரிப்பதில்லை. அறுவை நாள் வரை இவற்றைத் தொடரலாம். பெருங்குடல் முழுவதும் அகற்றப்பட்ட பின் இவற்றுக்கு வேலை இல்லை.

அசாத்தியோப்பிரின், மெர்காப்டோபியூரின் ஆகியவை நோயெதிர்ப்பைத் தணிப்பவையாயினும், இவற்றைத் தனித்து எடுத்துவந்தவர்களிடம் அறுவைச் சிக்கல்கள் கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. இவற்றின் விளைவு வாரக்கணக்கில் நீடிப்பதால் அறுவைக்கு ஓரிரு நாட்கள் முன் நிறுத்துவதால் பெரிய பயனும் இல்லை. வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போதுமானது. மீத்தோதிரெக்சேட்டும் பொதுவாக நிறுத்தப்படுவதில்லை. எனினும் இது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. நீரிழப்பினாலோ தொற்றினாலோ சிறுநீரகம் நலிந்திருந்தால் உடலில் தேங்கி எலும்பு மச்சையைப் பாதிக்கும் என்பதால், அவ்வாறான நிலையில் நிறுத்தி வைக்கப்படுகிறது. இம்மருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கவேண்டியது. மருத்துவமனையில் சேர்க்கும்போது எழுதப்படும் மருந்துப் பட்டியலில் தவறுதலாக நாள்தோறும் என்று பதிவாகிவிட்டால் விளைவு கடுமையானதாக இருக்கும்.

சைக்குளோசுப்போரின் ஊசிவழி மருந்தாகக் கடுமையான பெருங்குடல் அழற்சியில் பயன்படுவது. இதனைப் பற்றிப் பின்னர் கூறப்படுகிறது.

உயிரியல் மருந்துகள்

உயிரியல் மருந்துகள் என்பன உயிரணுக்களில் உற்பத்தி செய்யப்படும் எதிர்ப்பான் புரதங்கள் ஆகும். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவை கட்டி நசிவுக் காரணி எனப்படும் அழற்சிப் புரதத்தைத் தடுப்பவை. வெடோலிசுமாப் வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உசுட்டெக்கினுமாப் இன்டர்லியூக்கின் 12, 23 ஆகியவற்றைத் தடுக்கிறது.

இம்மருந்துகளின் தொடர்பில் எழும் முதற் சிக்கல் காலம் ஆகும். ஒரு மருந்து உடலிலிருந்து ஏறத்தாழ முழுமையாக நீங்குவதற்கு அதன் அரைவாழ்வுக் காலத்தைப்போல் ஐந்து மடங்கு காலம் தேவை. இன்ஃப்ளிக்சிமாப்பின் அரைவாழ்வுக் காலம் 8 முதல் 9 நாட்கள் வரை. ஆகவே அது நீங்க ஆறேழு வாரங்கள் ஆகும். அடாலிமுமாப்பின் அரைவாழ்வு ஏறத்தாழ இரு வாரங்கள். நீங்கப் பத்து வாரங்கள். வெடோலிசுமாப்பின் அரைவாழ்வு ஏறத்தாழ 25 நாட்கள். அது நீங்க நான்கு மாதங்கள் ஆகும். அதாவது, மருந்து முற்றிலும் வெளியேறிய பின்னரே அறுவை என்று முடிவு செய்தால், குடல் அடைப்போ சீழ்க்கட்டியோ உள்ள நோயாளி பல மாதங்கள் மருந்தின்றிக் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் அவர் எடை இழப்பார். இடைவெளியை நிரப்ப அவருக்கு ஸ்டீராய்டு வழங்கப்படும். ஐயத்துக்குரிய ஒரு தீங்கைத் தவிர்க்கப்போய் உறுதியான ஒரு தீங்கை வரவழைத்துக்கொள்ளும் நிலை இதனால் உருவாகிறது.

உண்மையில் இம்மருந்துகள் தீங்கானவையா என்பது பற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முரண்பட்ட முடிவுகள் வெளிவந்தன. 2007 இல் மேயோ மருத்துவ நிலையமும், 2008 இல் கிளீவ்லாந்து மருத்துவ நிலையமும் வெளியிட்ட ஆய்வுகள், புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாப் பெற்றபின் அறுவைக்கு வந்தவர்களிடம் தொற்றுச் சிக்கல்கள் கூடுதல் என்றன. வேறு பல நிலையங்களின் ஆய்வுகள் அத்தகைய வேறுபாடு எதனையும் காணவில்லை. இவையனைத்தும் பழைய மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தவை என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கே உயிரியல் மருந்து வழங்கப்படுகிறது. நோய் கடுமையாக இருப்பவர்களுக்கே அறுவைச் சிக்கலும் கூடுதல். ஆகவே சிக்கலுக்குக் காரணம் மருந்தா, மருந்து தேவைப்பட்ட அளவுக்கு முற்றிய நோயா என்பதைப் பதிவேடுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். அத்துடன் இந்நோயாளிகளுட் பலர் அதே வேளையில் ஸ்டீராய்டும் எடுத்திருந்தனர்.

இவ்விவாதத்தில் பெருமளவு தெளிவை ஏற்படுத்தியது புச்சினி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் 17 மருத்துவ நிலையங்களில் அறுவைக்கு வந்த 947 நோயாளிகளை முன்னோக்கிப் பின்தொடர்ந்து நடத்தப்பட்ட இதன் முடிவுகள் 2022 இல் வெளியாயின. இவர்களுள் 382 பேர் அறுவைக்கு முந்திய 12 வாரங்களுக்குள் கட்டி நசிவுக் காரணித் தடுப்பு மருந்தைப் பெற்றிருந்தனர். ஏதேனும் ஒரு தொற்று ஏற்பட்டோர் அம்மருந்து பெற்றவர்களில் 18.1 விழுக்காடு, பெறாதவர்களில் 20.2 விழுக்காடு. அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டோர் முறையே 12.0, 12.6 விழுக்காடு. குருதியில் மருந்தின் அளவை அளந்து பார்த்தபோதும் தொற்றுடன் தொடர்பு தென்படவில்லை. மாறாக ஸ்டீராய்டுப் பயன்பாடு, முன்னர் குடல் வெட்டியகற்றப்பட்டிருத்தல், புகைபிடித்தல் ஆகியவையே தொற்றுடன் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அன்று இது என்ற குறை உண்டு. ஆயினும் அளவிலும் முறையிலும் இதற்கு முந்தியவற்றைவிட நம்பகமானது.

வெடோலிசுமாப்பின் வரலாறும் இதை ஒத்ததே. குடலில் மட்டும் செயற்படும் மருந்தாதலால் இது பாதுகாப்பானதாக இருக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. 2017 இல் வெளியான மேயோ மருத்துவ நிலையத்தின் பதிவேட்டு ஆய்வொன்றில், வெடோலிசுமாப் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டதாகவும், கட்டி நசிவுக் காரணித் தடுப்பு மருந்து பெற்றவர்களில் இது 10 விழுக்காடாகவே இருந்ததாகவும் கூறப்பட்டது. இது பெரும் கவலையை ஏற்படுத்தியது. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துச் செய்யப்பட்ட பகுப்பாய்வுகள் அவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தவில்லை.

ஐரோப்பியக் கிரோன் மற்றும் பெருங்குடல் அழற்சி அமைப்பு 2020 இல் வெளியிட்ட கிரோன் நோய் அறுவை வழிகாட்டல், கட்டி நசிவுக் காரணித் தடுப்பு மருந்துகள், வெடோலிசுமாப், உசுட்டெக்கினுமாப் ஆகியவை வயிற்று அறுவைக்குப் பிந்திய சிக்கல்களைக் கூட்டுவதாக இருக்கும் சான்றுகள் காட்டவில்லை எனவும், அறுவைக்கு முன் அவற்றை நிறுத்துவது கட்டாயமன்று எனவும் கூறுகின்றது. நடைமுறையில், அவசரமற்ற அறுவையாயின் அடுத்த தவணை மருந்து ஏற்றவேண்டிய நாளையொட்டி அறுவைக்கு நாள் குறிப்பது பல மருத்துவர்களின் வழக்கம். அப்போது மருந்தின் அளவு குருதியில் மிகக் குறைந்த நிலையில் இருக்கும்; தவணையும் தவறாது. காயம் ஆறிய பின் மருந்தைத் தொடரலாம். சீழ்க்கட்டி உள்ளபோது மட்டும் எந்த நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்தும் பொதுவாக நிறுத்தி வைக்கப்படும். முதலில் தோலின் வழியாகக் குழாய் செலுத்திச் சீழை வடித்து, நுண்ணுயிர் எதிரிகளைக் கொடுத்து, தொற்று அடங்கிய பின்னரே அறுவை செய்வர்.

சிறு மூலக்கூற்று மருந்துகள்

புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சிக்கு 2018 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபாசிட்டினிப், 2022 இல் ஒப்புதல் பெற்ற உபாடாசிட்டினிப் ஆகியவை மாத்திரை வடிவில் உள்ளவை. ஜானசு கைனேசு என்னும் நொதியத்தைத் தடுப்பவை. டோஃபாசிட்டினிப்பின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 3 மணி நேரமே என்பதால், மேற்கூறிய காத்திருப்புச் சிக்கல் இங்கு இல்லை. மூட்டு மாற்று அறுவைக்கென அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், இவ்வகை மருந்துகளை மூன்று நாட்கள் முன்னர் நிறுத்தச் சொல்கிறது. குடல் அறுவைக்கும் இதையே பின்பற்றுவோர் உள்ளனர். இம்மருந்துகள் நாளங்களில் குருதியுறைவை ஏற்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால், அறுவையை அடுத்து இது குறித்துக் கூடுதல் கவனம் தேவை.

கடுமையான பெருங்குடல் அழற்சி

இதுவரை கூறியவை திட்டமிடக் காலம் உள்ள அறுவைகளுக்குப் பொருந்துபவை. நாளொன்றுக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை குருதி கலந்த மலம், காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு ஆகியவற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளியின் நிலை வேறு. அவருக்கு ஊசிவழி ஐதரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு நான்கு முறை அளிக்கப்படும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது போதிய பயன் தருவதில்லை. அவர்களை விரைவில் இனங்காண்பதிலேயே உயிர்காப்பு தங்கியுள்ளது. 1996 இல் ஆக்சுபோர்டிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, மூன்றாம் நாளில் எட்டு முறைக்கு மேல் மலம் போவோர், அல்லது மூன்று முதல் எட்டு முறை போவதுடன் சி-எதிர்வினைப் புரதம் லீட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் உள்ளோர் ஆகியோருள் 85 விழுக்காட்டினருக்கு அவ்வனுமதியின் போதே பெருங்குடலை அகற்ற நேர்ந்ததைக் காட்டியது.

இந்நிலையில் மாற்று மருந்தாக இன்ஃப்ளிக்சிமாப் அல்லது சைக்குளோசுப்போரின் வழங்கப்படலாம். 1994 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் சைக்குளோசுப்போரின் பெற்ற 11 பேரில் 9 பேர் தேறினர். வெற்று மருந்து பெற்ற 9 பேரில் ஒருவரும் தேறவில்லை. இம்முடிவே பல நோயாளிகளின் பெருங்குடலைக் காக்க வழிவகுத்தது. ஆனால் இம்மருந்தும் சில நாட்களில் பலன் தராவிடின், மூன்றாவதாக ஒரு மருந்தை முயன்று நாட்களைக் கடத்துவது ஆபத்தானது. பெருங்குடல் நச்சு வீக்கமுற்றுத் துளைபடுமாயின் இறப்பு வீதம் பன்மடங்கு உயரும். மருந்துகளினால் ஏற்படும் இடரைவிட, மருந்துகளை நம்பிக் காலந்தாழ்த்துவதால் ஏற்படும் இடரே இங்கு பெரிது. இதனால் நோயாளி சேர்க்கப்பட்ட முதல் நாட்களிலேயே அறுவை மருத்துவரையும் அழைத்துப் பார்க்கச் செய்வது நல்ல நடைமுறையாகும். வலிக்கு அபின் வகை மருந்துகளையும், வயிற்றுப்போக்கை நிறுத்த லோப்பெரமைடையும் இந்நோயாளிகளுக்குக் கொடுப்பது தவிர்க்கப்படும். குடலின் அசைவை அவை அடக்கி வீக்கத்தைத் தூண்டக்கூடும்.

இத்தகைய அவசர அறுவையில் பெருங்குடலை மட்டும் அகற்றி, நேர்குடலை விட்டுவைத்து, சிறுகுடலின் முனையைக் குடல்வாயாக வெளிக்கொணர்வர். சிறுகுடலைக் கொண்டு நேர்குடலுக்கு மாற்றாகப் பை அமைக்கும் முறையை இலண்டன் புனித மார்க் மருத்துவமனையின் ஆலன் பார்க்சும் ஜான் நிக்கல்சும் 1978 இல் வெளியிட்டனர். ஸ்டீராய்டும் பிற மருந்துகளும் நிறுத்தப்பட்டு, நோயாளி ஊட்டம் பெற்ற சில மாதங்களுக்குப் பின்னரே இப்பை இன்று பெரும்பாலும் அமைக்கப்படுகிறது.

அறுவைக்கு முன் சேர்க்கப்படுவன

நிறுத்துவதைப் பற்றியே பெரிதும் பேசப்பட்டாலும், சேர்ப்பதும் அதே அளவு முக்கியமானது. அழற்சிக் குடல் நோயாளிகளுக்கு நாளக் குருதியுறைவு ஏற்படும் வாய்ப்பு பிறரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எனவே மருத்துவமனையில் சேர்ந்தது முதல் குறைந்த மூலக்கூற்று எடையுடைய எப்பாரின் ஊசி அளிக்கப்படுகிறது. மலத்தில் குருதி போவது இதற்குத் தடையன்று. குருதி போகும் ஒருவருக்குக் குருதியுறைவைத் தடுக்கும் ஊசியா என்ற இயல்பான தயக்கத்தினால் இது பலமுறை தவிர்க்கப்பட்டுவிடுகிறது.

குருதிச்சோகை மிகுதியாகக் காணப்படும். நோய் தீவிரமாக உள்ளபோது வாய்வழி இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படாததாலும், குடலை உறுத்துவதாலும், ஊசிவழி இரும்புச்சத்து விரும்பப்படுகிறது. ஆறு மாதங்களில் உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழந்தவர்கள் கடுமையான ஊட்டக்குறைவு உடையவர்களாகக் கொள்ளப்படுகின்றனர். இவர்களுக்கு அறுவைக்கு முன் 7 முதல் 14 நாட்களாவது ஊட்டச் சிகிச்சை அளிக்க வேண்டும் என ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டல் கூறுகிறது. இயன்றவரை வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ நீர்ம உணவு கொடுப்பதே நன்று. குடல் முற்றாக அடைபட்டிருந்தால் நாளத்தின் வழியாக ஏற்றுவர். கிரோன் நோயில் சில வாரங்கள் நீர்ம உணவை மட்டுமே உட்கொள்வது அழற்சியையும் தணிப்பதால், ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கவும் இது துணைபுரிகிறது. இவ்வகையில் உணவே மருந்தாகிறது என்பது வெறும் பழமொழியன்று.

அறுவைக்கு முதல் நாள் நியோமைசின் போன்ற நுண்ணுயிர் எதிரி மாத்திரைகளையும், குடலைக் கழுவும் நீர்மத்தையும் கொடுப்பது பெருங்குடல் அறுவைகளில் காயத் தொற்றைக் குறைக்கிறது. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் கடுமையான பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் கழுவுநீர்மம் கொடுக்கப்படுவதில்லை. வெட்டுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின், மெட்ரோனிடசோல் போன்றவை நாளத்தின் வழியாக ஏற்றப்படும்.

காசநோயும் தென்னாசிய நாடுகளும்

இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் இந்நடைமுறையில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தைத் தாக்கும் குடற்காசநோய், அறிகுறிகளிலும் உள்நோக்கிப் பரிசோதனையிலும் கிரோன் நோயைப் பெரிதும் ஒத்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய முடியாதபோது, முதலில் காசநோய் மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். கிரோன் நோயாளிகளுட் பலர் அறுவைக்கு வரும் முன் இக்கட்டத்தைக் கடந்து வந்தவர்களாக இருப்பர். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதியங்களைத் தூண்டிப் பிரெட்னிசலோனை விரைவில் சிதையச் செய்கிறது. எனவே ஏட்டில் உள்ள ஸ்டீராய்டு அளவைவிடக் குறைவான விளைவே உடலுக்குக் கிடைக்கும். அண்ணீரகம் சுருங்கிய ஒருவருக்கு அறுவை நாளில் இது ஆபத்தாக முடியலாம் என்பதால், ரிஃபாம்பிசின் எடுப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

கட்டி நசிவுக் காரணித் தடுப்பு மருந்துகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை விழிக்கச் செய்யக்கூடியவை. இன்ஃப்ளிக்சிமாப் பெற்றபின் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001 இல் வெளியானது. இதனால் இம்மருந்துகளைத் தொடங்குமுன் நெஞ்சு ஊடுகதிர்ப்படமும் காசநோய்ச் சோதனையும் செய்யப்படுகின்றன. இம்மருந்து பெற்றுவரும் ஒருவருக்கு அறுவைக்கு முன் காய்ச்சலோ, நீங்காத இருமலோ இருப்பின், அதனைக் குடல்நோயின் விளைவு என்று கொள்ளுமுன் காசநோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வெட்டியகற்றப்பட்ட குடற்பகுதியை நுண்ணோக்கியில் ஆராயும்போதே நோய் கிரோன் அன்று, காசநோய் என்று தெரியவரும் நிகழ்வுகளும் உள்ளன. அவ்வாறானவர்களுக்கு அறுவைக்குப் பிந்திய மருந்துத் திட்டம் முழுவதும் மாறிவிடும்.